அது பாட்டுக்குப் போன பாம்பு

"ஏண்டா, அது பாட்டுக்குப் பறந்துக்கிட்டு இருக்கு. அதப் போயி எதுக்குடா அம்பெடுத்து அடிக்கிற?"

அம்மா இதைக் கேட்டபோது ராத்திரி மணி பதினொன்று இருக்கும். சீரியல் எல்லாம் முடிந்து டிவியை எனக்கு விட்டுக்கொடுத்த பிறகும், தூக்கம் வராமல் சோபாவின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். திரையில் ஒரு பாலைவனம். மணலுக்குள்ளிருந்து கிளம்பி ஆகாயத்தில் நெளிந்து போய்க்கொண்டிருந்தது ஒரு பாம்பு. வைகை எக்ஸ்பிரஸை அப்படியே தூக்கி வானத்தில் ஓடவிட்டால் எப்படி இருக்குமோ, அப்படி. நான் குதிரையில் அதன் நிழலுக்குள்ளேயே ஓடி, அண்ணாந்து, வயிற்றில் தொங்கும் காற்றுப் பைகளுக்குக் குறிவைத்து அம்பு விட்டுக்கொண்டிருந்தேன். அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கேமு அப்படித்தாம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

'ஷேடோ ஆஃப் தி கொலாசஸ்' கேமை முடித்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவுக்கு ஒழுங்கான ஒரு பதில் இன்னும் கிடைத்தபாடில்லை. யோசித்துக்கொண்டே அலைவதற்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். முடிவு வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். இனிமேல்தான் ஆடப்போகிறேன் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டு, முடித்துவிட்டு வாருங்கள். பதினெட்டு இருபது வருஷமாக ஆடாமல் இருந்தவர்களுக்கு இன்னும் ஒரு மாதம் பெரிய விஷயமில்லை.

நானும் அந்தக் கூட்டம்தான். 2005-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த கேம் இது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து ஒத்தக்கடையில் ஒரு மாடி அறையில் கேம் சென்டர் நடத்திய அண்ணன் ஒருவர் இதைப் போட்டுக் காட்டினார். மணிக்குப் பதினைந்து ரூபாய். நாங்கள் நாலு பேர் காசு பங்கு போட்டு ஆடுவோம். மல்யுத்தம், கிரிக்கெட், காரைத் திருடிக்கொண்டு ஊர் சுற்றுகிற கேம், இந்த மூன்றைத் தாண்டி நாங்கள் போனதில்லை. அன்றைக்கு அண்ணன் புது டிஸ்க் என்று இதைப் போட்டார். ஒரு பையன் குதிரையில் ஒரு பெரிய பாலத்தைக் கடக்கிறான். கடக்கிறான். கடந்துகொண்டே இருக்கிறான். மடியில் துணி போர்த்திய ஒரு உடம்பு. சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது, எங்கள் பதினைந்து ரூபாயும் அதோடு ஓடுகிறது. "அண்ணே, சண்டை எப்பண்ணே வரும்?" என்று கேட்டோம். அவருக்கும் தெரியவில்லை. டிஸ்கை மாற்றிவிட்டார்.

அந்தப் பாலம் மட்டும் மனசில் எங்கேயோ தங்கிவிட்டது போல. போன வருஷக் கடைசியில் ஒரு நண்பன் புது மாடல் வாங்கியதும் தன் பழைய பிளேஸ்டேஷன் 4-ஐ எனக்குப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டான். கூடவே வந்த டிஸ்குகளில் இது இருந்தது. 2018-இல் புளூபாயின்ட் கேம்ஸ் என்ற நிறுவனம், பழைய கேமின் எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, மேல்தோலை முழுக்கப் புதிதாகப் போட்டுக் கொடுத்த பதிப்பு. ஆதி கேமை இயக்கியவர் ஃபுமிட்டோ உவேடா. 2001-இல் 'ஈகோ', 2005-இல் இது, 2016-இல் 'தி லாஸ்ட் கார்டியன்' என்று மூன்றே பெரிய கேம்களில் பெயர் வாங்கியவர்.

கதை என்று பார்த்தால் ஒரு உள்ளங்கையில் அடங்கிவிடும். வாண்டர் என்று ஒரு இளைஞன். மோனோ என்ற பெண் பலி கொடுக்கப்பட்டுச் செத்துப்போயிருக்கிறாள். யாரும் போகக் கூடாத ஒரு நிலத்துக்கு, திருடிய வாள் ஒன்றோடு, அவள் உடலைக் குதிரையில் வைத்துக் கொண்டுவருகிறான். அங்கே ஒரு கோயில். கூரைத் திறப்பிலிருந்து ஒரு குரல் பேசுகிறது, பெயர் டோர்மின். சுவரோரம் பதினாறு சிலைகள். இந்த நிலத்தில் பதினாறு பேருருவங்கள் திரிகின்றன, ஒவ்வொன்றையும் கொன்றால் ஒரு சிலை உடையும், எல்லாம் உடைந்தால் அவளை எழுப்பலாம் என்கிறது குரல். அதற்கு நீ கொடுக்கும் விலை பெரிதாக இருக்கலாம் என்றும் சொல்லிவிடுகிறது. பரவாயில்லை என்கிறான் வாண்டர்.

அவ்வளவுதான். கேம் முழுக்க இந்தப் பதினாறு பேரைத் தவிர எதிரி கிடையாது. ஊர் கிடையாது, கடை கிடையாது, வழியில் பேச்சுக்கொடுக்க ஒரு ஆள் கிடையாது, பொறுக்குவதற்குத் தங்கக் காசு கிடையாது (புதுப் பதிப்பில் சில நாணயங்களை ஒளித்து வைத்திருக்கிறார்கள், நான் தேடவில்லை). வெயிலில் நின்று வாளைத் தூக்கினால் ஒளி சிதறும். சிதறிய கதிர்கள் எந்தத் திசையில் ஒன்றாகக் குவிகிறதோ அந்தப் பக்கம் போக வேண்டும். நிழலில் நின்றால் வேலை செய்யாது. புல்வெளி, பள்ளத்தாக்கு, ஏரி, காடு, பாலைவனம். காற்றுச் சத்தமும் குளம்புச் சத்தமும்தான். பின்னணி இசைகூட வழியில் வராது. முதல் இரண்டு நாள் எனக்கு உண்மையிலேயே கொட்டாவி வந்தது. மூன்றாம் நாள், ஒன்றும் செய்யாமல் ஒரு மரத்தடியில் குதிரையை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே எப்போது மாறினேன் என்று தெரியவில்லை.

வழியில் பழம் இருக்கும், அடித்துத் தின்றால் உயிர் கூடும். வெள்ளை வால் ஓணான் இருக்கும். அதை அடித்து வாலைத் தின்றால் பிடிமானம் கூடும். அம்மா முதல்முதலில் இந்தக் கேமைக் கவனித்தது அந்தக் கட்டத்தில்தான். "சீச்சீ, ஓணான் வாலையா திங்கிறான்? வீட்டுல சோறு போடலையா அவனுக்கு?"

சிறுவயதில் நாங்கள் ஓணான் அடித்திருக்கிறோம். தின்பதற்கு இல்லை, சும்மா. வேலியில் உட்கார்ந்து தலையாட்டும் அதைச் சுருக்குப் போட்டுப் பிடித்தோ கல்லால் அடித்தோ கொல்வதற்கு எங்களிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. ராமர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டபோது அணில் இளநீர் கொண்டுவந்ததாம், ஓணான் மூத்திரத்தைக் கொடுத்ததாம். அணிலுக்கு முதுகில் தடவல், ஓணானுக்குக் கல். இந்தக் கதையை எங்களுக்கு யார் சொன்னது என்று எவனுக்கும் ஞாபகமில்லை. ஊரில் எல்லாப் பையன்களுக்கும் தெரியும். கல் கையில் இருந்தால் கதை தானாக வந்துவிடும்.

சரி, பேருருவங்களுக்கு வருகிறேன்.

இரண்டாவதை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அங்கேதான் நான் மாட்டினேன். ஒரு பாலத்துக்கு அடியில், பாறைச் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வரும். நாலு கால், கொம்பு, கோபுரக் கல் மாதிரி உடம்பு, உடம்பெங்கும் மயிர். "மாடா, யானையாடா அது?" என்றாள் அம்மா. எனக்கும் தெரியவில்லை. மிதிப்பதற்கு முன்னங்காலைத் தூக்கும். அந்த ஒரு நொடியில் உள்ளங்காலில் ஒரு வெளிச்சம் தெரியும். அங்கே அம்பு விட்டால் முட்டி மடங்கி உட்கார்ந்துவிடும். ஓடிப்போய்க் காலின் மயிரைப் பிடித்துத் தொற்ற வேண்டும். பிடித்துக்கொள்ளும் பொத்தானை விட்டால் கீழே விழுந்துவிடுவான். அமுக்கிக்கொண்டே இருந்தால் திரையின் மூலையில் ஒரு வட்டம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். அது தீர்ந்தால் கை தானாக விட்டுவிடும். உருவம் உடம்பை உதறும். வாண்டர் ஒரு அழுக்குத் துணி மாதிரி காற்றில் படபடக்கிறான். என் விரல் வலிக்கிறது. இது ஏதோ சாமர்த்தியமான ஏற்பாடு: அவன் கை சோரும்போது என் கையும் சோர்கிறது. வேறு கேம்களில் குத்து என்றால் ஒரு பொத்தானைத் தட்டுவதுதான். இங்கே பிடியை விடாமல், வாளை ஓங்கி, அது உதறாமல் நிற்கும் ஒரு நொடிக்காகக் காத்திருந்து இறக்க வேண்டும். ஓங்குவதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறோமோ அவ்வளவு ஆழமாக இறங்கும். கறுப்பாக ஏதோ பீய்ச்சியடிக்கிறது. அது கத்துகிறது. சட்டென்று அடிப்பதைவிட, காத்திருந்து அடிப்பது எவ்வளவு மோசமான காரியம் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

ஏறும்வரைக்கும் இசை உடம்பைச் சிலிர்க்க வைக்கும். கோ ஓட்டானி என்பவர் போட்டது. கடைசிக் குத்து விழுந்ததும் அது நின்றுபோய், வேறொன்று ஆரம்பிக்கும். ஜெயித்தவனுக்கு வாசிக்கிற இசையில்லை, இழவு வீட்டுக்கு வெளியே நின்று கேட்கிற மாதிரி ஒன்று. அந்தப் பெரிய உடம்பு மெதுவாகச் சாய்கிறது. அதிலிருந்து கரும் இழைகள் கிளம்பி வாண்டரின் உடம்புக்குள் பாய்கின்றன. நீங்கள் ஓடினாலும் விடாது. மயங்கி விழுந்து கோயிலில் கண் விழிக்கிறான். சுற்றிலும் நிழல் மனிதர்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள். கொலைக்கு ஒன்றாகக் கூடிக்கொண்டே போகிறார்கள். ஒரு சிலை வெடிக்கிறது. அடுத்து யார் என்று குரல் சொல்கிறது. கைகூடத் தட்டுவதில்லை.

மூன்றாவது போகும் வழியில் வேண்டுமென்றே குதிரையைத் திருப்பி, இரண்டாவது விழுந்த இடத்துக்குப் போனேன். செத்த இடத்தில் ஒரு ஒளிக்கம்பம் நிற்கும், தூரத்திலிருந்தே தெரியும். கிட்டே போனால் மயிர் இல்லை, கண் இல்லை. பாறை. பாறைமேல் பாசி. கால் எது, முதுகு எது என்று தெரிந்தவனுக்கு மட்டும் தெரிகிற ஒரு சின்ன மலை.

கண்ட்ரோலரைக் கீழே வைத்தேன். ஜன்னலுக்கு வெளியே யானைமலை இருந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மதுரையிலிருந்து மேலூர் போகும் ரோட்டில் ஒத்தக்கடையில் இறங்கினால், ஊர் முழுக்கத் தும்பிக்கையை நீட்டிப் படுத்திருக்கும் ஒரு யானையின் காலடியில்தான் இருக்கிறது. வேளாண்மைக் கல்லூரிப் பக்கம் நின்று பார்த்தால் மத்தகம், முதுகு, எல்லாம் ஒரே பாறையில் அச்சு எடுத்த மாதிரி. நகரத்துக்கு மேற்கே நாகமலை. தேனி ரோட்டில் பஸ்ஸில் போனால் வெகுதூரம் கூடவே ஊர்ந்து வரும். தெற்கே திருப்பரங்குன்றம் போகும் வழியில் பசுமலை, மூன்றில் இளைத்தது, இப்போது அதன் முதுகில் ஒரு ஹோட்டல் இருக்கிறது.

மூன்றும் கொல்லப்பட்டவை. மதுரையில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கு அப்பத்தா சொன்னாள், அவளுக்குக் கோயிலில் படித்துக்காட்டக் கேட்டது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற்புராணத்தில் 22-ஆவது படலம் யானை எய்தது, 28 நாகம் எய்தது, 29 மாயப் பசுவை வதைத்தது. பாண்டியனை நேருக்கு நேர் ஜெயிக்க முடியாத சோழன் சமணர்களை வைத்து வேள்வி வளர்க்க, அதிலிருந்து யானை ஒன்று கிளம்பி மதுரையை மிதிக்க வருகிறது. சொக்கநாதர் வேடனாக வந்து நரசிங்கக் கணையை விட்டுச் சாய்க்கிறார். இன்னொரு முறை பாம்பு வருகிறது. இந்தத் தடவை பாண்டியனே அம்பு விடுகிறான், அது சாகும்போது கக்கிய விஷத்தைச் சிவன் நீக்குகிறார். அப்புறம் பசு. பசுவை அம்பால் அடிக்க முடியாதல்லவா, அதனால் நந்தியை அனுப்புகிறார். காளையின் அழகில் சொக்கிப்போய்ப் பசு விழுந்து செத்துவிடுகிறது. விழுந்த மூன்றும் மலையாகிவிட்டன.

பிரம்மாண்டமான மிருகம், அதன்மேல் ஒரு அம்பு, செத்ததும் கல்லாக உறைந்து ஊருக்கு எல்லையாகிவிடுவது. ஒரு ஜப்பான்காரர் எழுதிய கதையை நான் பிறந்ததிலிருந்து ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவருக்கு எங்கள் மலையைத் தெரிந்திருக்க வழியில்லை. அதைப் பற்றியெல்லாம் ஒன்றும் சொல்ல வரவில்லை. நான் சொல்ல வருவது இதுதான்: அப்பத்தா எத்தனையோ தடவை இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறாள், நானும் எத்தனையோ தடவை வாயைப் பிளந்து கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட நான் யானையாக இருந்ததில்லை. எப்போதும் அம்பின் பக்கம்தான்.

அந்த யானையின் உடம்பில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. மேலே குகைத்தளத்தில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகள் இருக்கின்றன, தமிழி எழுத்தில் கல்வெட்டு இருக்கிறது. தீர்த்தங்கரர் சிற்பங்களும், அச்சணந்தி என்ற துறவியின் பெயர் வட்டெழுத்திலும் இருக்கின்றன. அதே மலையின் அடிவாரத்தில் நரசிங்கப் பெருமாளின் குடைவரை. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி குடையத் தொடங்கி, முடிப்பதற்குள் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முடித்தார் என்று அங்கேயே கல்வெட்டில் எழுதியிருக்கிறது. அண்ணன் விட்ட வேலையைத் தம்பி முடித்த இந்தச் சின்னத் தகவல் எனக்கு ரொம்பப் பிடிக்கும். யானையை ஏவிய கெட்டவர்கள் என்று கதை யாரைச் சொல்கிறதோ அதே சமணர்கள், அந்த யானையின் முதுகில் பாய்போல் கல்லைச் செதுக்கிப் படுத்துத் தூங்கியிருக்கிறார்கள். புராணத்தின் 63-ஆவது படலம் சமணரைக் கழுவேற்றிய படலம். அவர்கள் பக்கத்துக் கதையைப் புராணம் சொல்வதில்லை.

கீழக்குயில்குடி சமணர் மலைக்கும் போயிருக்கிறேன். தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில், அப்புறம் படி. செட்டிப்புடவு என்ற குகையில் உட்கார்ந்திருக்கும் மகாவீரரை, காது நீளமாக இருப்பதால் ஊர்க்காரர்கள் செட்டியார் ஆக்கிவிட்டார்கள். இது ஒரு நல்ல விதமான மறதி என்று நினைக்கிறேன்.

2010 வாக்கில் யானைமலையில் சிற்ப நகரம் அமைக்கலாம் என்ற பேச்சு வந்தது. சுற்றியிருக்கும் ஊர்கள் கூடி நின்று எதிர்த்தன, அந்தப் பேச்சு நின்றது. அப்போது அப்பத்தா உயிரோடு இருந்தாள். மேலூர்ப் பக்கம் கிரானைட்டுக்காகக் குன்றுகளைக் கேக் வெட்டுகிற மாதிரி வெட்டி எடுத்திருந்ததைப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பார்த்தவள். "செத்த யானைய இன்னொருக்கா அறுக்கப் போறாய்ங்களா?" என்றாள். அன்றைக்கு அது எனக்கு ஒரு கிழவியின் நக்கல், அவ்வளவுதான்.

கேமுக்குத் திரும்புகிறேன். எல்லாம் அற்புதம் என்று சொல்லிக்கொண்டே போனால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நானும் நம்பமாட்டேன். கேமரா ஒரு தலைவலி. மயிரைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கும்போது, எந்தப் பக்கம் மேல் என்றே தெரியாத கோணத்தில் போய் நின்றுகொள்ளும். மூன்றாவதின் மேடையில் ஏறுவதற்குள் எத்தனை தடவை தண்ணீரில் விழுந்தேன் என்று கணக்கில்லை. பதினைந்தாவதின் தோள்வரைக்கும் ஏறிவிட்ட நேரத்தில் கரண்ட் போனது, எங்கள் இன்வெர்ட்டரில் டிவிக்கு இணைப்பு இல்லை, முதலிலிருந்து ஏறினேன். அது கேமின் தப்பு இல்லை, ஆனால் அன்றைக்கு அதையும் சேர்த்துத்தான் திட்டினேன். மோனோ என்ற அந்தப் பெண் கதை முழுக்கப் படுத்தே கிடக்கிறாள். யார் அவள், எதற்குப் பலி கொடுத்தார்கள், எழுந்திருக்க அவளுக்கு விருப்பமா, ஒன்றும் கிடையாது. சொல்லாமல் விடுவது அழகுதான், ஆனால் எல்லா மௌனமும் ஆழம் இல்லை. இங்கே கொஞ்சம் சோம்பேறித்தனமும் இருக்கிறது.

புதுப் பதிப்பின் தெளிவும் எனக்கு முழுக்க ஒப்பவில்லை. பழைய பதிப்பின் காட்சிகளைப் பிறகு தேடிப் பார்த்தேன். அதில் சித்திரை வெயிலில் கண் கூசுகிற மாதிரி எல்லாம் வெளுத்துப்போய் இருக்கும், எட்டத்தில் இருப்பது மலையா உருவமா என்று சந்தேகம் வரும். புதியதில் ஒவ்வொரு புல்லும் தெரிகிறது. அந்தச் சந்தேகம் போய்விட்டது.

ஆனால் குதிரை. அக்ரோ என்று பெயர். வாண்டர் இந்தக் கேமில் பெரும்பாலும் பேசுகிற ஒரே வார்த்தை அதுதான், "அக்ரோ!" என்று கத்திக் கூப்பிடுவான், எங்கேயோ மேய்ந்துகொண்டிருப்பது ஓடிவரும். சொன்ன சொல் உடனே கேட்காது. திருப்பினால் ஒரு நொடி யோசித்துவிட்டுத் திரும்பும். பாறை விளிம்பில் நின்றுவிடும். முதல் வாரம் இதுவும் கோளாறு என்றுதான் நினைத்தேன். அப்புறம் ஒரு பாலத்தில் நான் கடிவாளத்தைத் தொடாமல் விட்டுப் பார்த்தேன். வழியை அதுவே பார்த்துப் போனது. மிருகம் என்றால் மிருகம் மாதிரி நடந்துகொள்கிறது, வண்டி மாதிரி இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

பதினோராவதும் பதின்மூன்றாவதும் என்னை ரொம்பத் தொந்தரவு செய்தன. பதினோராவது மற்றவற்றோடு பார்த்தால் சின்னது, ஒரு காளை அளவு. சீறிக்கொண்டு முட்ட வரும், ஆனால் தீயைக் கண்டால் பயம். ஒரு கட்டையில் தீ மூட்டி முகத்துக்கு நேரே நீட்டினால் பின்வாங்கும். நீட்டிக்கொண்டே போய், பின்வாங்க வைத்து, விளிம்பிலிருந்து தள்ளிவிட வேண்டும். அது பயந்து ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைப்பதைப் பார்த்துக்கொண்டே நான் தீயை நீட்டினேன். அம்மா அன்றைக்குப் பக்கத்தில் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

பதின்மூன்றாவதுதான் பாம்பு. அதற்கு முன்னால் டோர்மின் கொடுக்கும் குறிப்பில், நீ தனியாக இல்லை என்று ஒரு வரி வரும். குதிரையைச் சொல்கிறது. குதிரையை முழு வேகத்தில் விட்டு, அதன் ஓட்டத்தை நம்பி, கடிவாளத்தை மறந்து, அம்பை இழுக்க வேண்டும். பைகளில் காற்று இறங்க இறங்க அது தாழ்ந்து, செட்டை மணலில் உரசும். கூடவே ஓடி, சேணத்தின் மேல் எழுந்து நின்று, தாவ வேண்டும். தாவி முதுகில் ஏறியதும் மறுபடி மேலே எழும்பும். கீழே நிலமெல்லாம் விரிந்து கிடக்கிறது. இந்த முழு கேமில் இதைவிட அழகான இடம் இல்லை. கடைசி வரைக்கும் அது என்னை எதிர்த்து ஒன்றும் செய்யவில்லை. என்னை உதற ஒரே ஒரு வழிதான் அதற்குத் தெரிந்திருந்தது, மணலுக்குள் போய் ஒளிந்துகொள்வது. அம்மா கேட்டதும் அப்போதுதான். "கேமு அப்படித்தாம்மா" என்று சொல்லிவிட்டு, குத்தி முடித்தேன்.

விழுந்ததும் அம்மா, "நாகமலையாயிருச்சா?" என்றாள். கிண்டல் இல்லை. உண்மையாகவே கேட்டாள்.

கடைசி உருவத்துக்குப் போகும் வழியில் ஒரு பாலம் இடிகிறது. அக்ரோ வாண்டரை அந்தப் பக்கம் உதறித் தள்ளிவிட்டுத் தான் பள்ளத்தில் விழுகிறது. எத்தனை நாளாக நான் திட்டிய குதிரை. அவன் கத்துகிறான். அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்ப் படுத்துவிட்டாள். ஆகவே முடிவை நான் தனியாகத்தான் பார்த்தேன்.

இதற்குள் வாண்டரின் முகம் சாம்பலாகி, தலைமுடி கறுத்து, கொம்பு முளைக்க ஆரம்பித்திருக்கும். பதினாறையும் முடித்துக் கோயிலுக்கு வந்தால், எமோன் பிரபு என்பவர் ஆட்களோடு வந்து நிற்கிறார். அந்தப் பதினாறும் டோர்மின் என்ற ஒன்றைத் துண்டு துண்டாக வெட்டி அடைத்து வைத்த சிறைகள். நான் பூட்டுகளை உடைத்திருக்கிறேன். வாண்டரின் உடம்புக்குள் டோர்மின் எழுகிறது, கரும் பேருருவமாக. இப்போது கண்ட்ரோலர் அந்த உருவத்துக்கு வேலை செய்கிறது. கனத்த உடம்பு, ஒவ்வொரு அசைவும் மெதுவாக. காலடியில் எறும்பு மாதிரி மனிதர்கள் ஓடிக்கொண்டே அம்பு விடுகிறார்கள். கையை வீசுகிறேன், எட்டவில்லை. பதினாறு தடவை எதிர்ப்பக்கம் நின்று நான் பார்த்தது, உள்ளேயிருந்து பார்த்தால் இப்படித்தான் இருந்திருக்கிறது. யாராவது இதை வசனத்தில் சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். கையில் கொடுத்ததும் சிரிப்பு வரவில்லை.

எமோன் வாளைக் கோயிலின் குளத்துக்குள் வீசியதும் ஒரு சுழல் காற்று எல்லாவற்றையும் இழுக்கிறது. வாண்டர் மறுபடி மனிதனாகி, மோனோ கிடக்கும் பீடத்தை நோக்கி ஓடுகிறான். ஓட்டுவது நாம்தான். ஓடலாம், படியைப் பற்றிக்கொள்ளலாம், விட்டுவிட்டு இன்னும் இரண்டடி ஓடலாம். போய்ச் சேர முடியாது. இது எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் பொத்தானை விடவில்லை. கேமில் முதல்நாள் கற்றுக்கொடுத்ததே பிடியை விடாதே என்பதுதான். கடைசியில் கை வலித்து நானேதான் விட்டேன்.

அவள் எழுகிறாள். அக்ரோ பின்னங்கால் ஒடிந்து நொண்டிக்கொண்டே கோயிலுக்கு வந்து சேர்கிறது. வற்றிய குளத்தில் கொம்பு முளைத்த ஒரு குழந்தை. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குதிரையின் பின்னால் மேலே தோட்டத்துக்கு ஏறிப் போகிறாள். மான் குட்டி ஒன்று வந்து பார்க்கிறது.

மணி ஒன்றரை. மொட்டைமாடிக்குப் போனேன். நிலவு இல்லை. ஹைவேயில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. யானை இருந்த இடத்தில் நட்சத்திரங்கள் இல்லாத ஒரு கறுப்பு இருந்தது, அவ்வளவுதான் தெரிந்தது. கொஞ்ச நேரம் நின்றேன். கொசு கடித்தது, இறங்கிவிட்டேன்.

காலையில் காபி கொடுக்கும்போது அம்மா முதலில் கேட்டது, "அந்தக் குதிர?"

"பொழச்சிருச்சும்மா. கால்தான் ஒடிஞ்சுபோச்சு."

"கட்டுப் போட்டாளா அந்தப் பொண்ணு?"

"இல்ல. அது பாட்டுக்கு நொண்டிக்கிட்டே மேல ஏறிருச்சு."

அம்மாவுக்கு அது திருப்தியில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அடுப்படியிலிருந்தே கேட்டாள். "மறுபடி ஆடுவியா?"

"ஆடலாம்னு பாக்குறேன்."

"அந்தப் பாம்ப மட்டும் விட்டுரு."

"விட முடியாதும்மா. அதக் கொன்னாத்தான் அடுத்ததுக்குப் போகும்."

"போகாட்டிப் போகுது."

இரண்டாவது ஆட்டத்தில் பன்னிரண்டு முடிந்திருக்கிறது. பத்து நாளாக அங்கேயேதான் நிற்கிறேன். சில ராத்திரி போட்டால், வில்லை எடுக்காமல், பாலைவனத்தில் அதன் நிழலுக்குள்ளேயே குதிரையை ஓட்டிவிட்டு அணைத்துவிடுகிறேன்.